எங்கள் ஊர் கிரிமினல் வக்கீல் ஆபீஸ்: ஜாமீன் முதல் போலீஸ் ரெக்கார்டு வரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பெயர் போட மாட்டேன். வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்று பார் கவுன்சில் விதி 36 இருக்கிறது. வக்கீல்களுக்கு இணையதளங்கள் ரேங்கும் ரேட்டிங்கும் போடுவதை 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்துத் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. அதனால் நட்சத்திரமும் கிடையாது. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊர், கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் மாடியில் ஒரு ஆபீஸ். ஒரு சீனியர், இரண்டு ஜூனியர், ஒரு குமாஸ்தா. தம்பி மேல் இருந்த அடிதடி வழக்கை 2023 வைகாசியிலிருந்து இவர்கள்தான் பார்த்தார்கள்.

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் பிரிண்ட், பட்டா நகல், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்வேன். கோர்ட்டுக்குப் பக்கத்தில் கடை என்பதால் வக்கீல் ஆபீஸ் காகிதங்கள் பாதி என் கை வழியாகத்தான் போகும். எந்த ஆபீஸில் நகல் ஒழுங்காக இருக்கும், எந்த ஆபீஸில் நாலாம் பக்கம் எப்போதும் காணாமல் போகும் என்பது எனக்குத் தெரியும். இந்த ஆபீஸுக்குப் போனதற்கும் அதுதான் காரணம். கோர்ட்டில் யார் நன்றாகப் பேசுவார் என்று விசாரித்துப் போகவில்லை.

சண்டை என்னவென்றால், திருவிழாவில் எந்தத் தெரு முளைப்பாரி முன்னால் போவது என்பது. வாய்த்தகராறு கைகலப்பாகி, ஒருவருக்குத் தலையில் கம்படி, தையல். எஃப்.ஐ.ஆரில் பழைய தண்டனைச் சட்டத்தின் 294(பி) (ஆபாசமாகத் திட்டுவது), 324 (ஆயுதத்தால் காயம்), 506(2) (கொலை மிரட்டல்). எங்கள் பக்கம் ஊர்ச்சண்டை என்றால் இந்த மூன்றும் கூடவே வந்துவிடும். 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த சம்பவம் என்றால் புதிய சட்டத்தில் 296(பி), 118(1), 351(3) என்று எண் மாறியிருக்கும், கதை அதேதான். தம்பி ஏ3, அதாவது வழக்கில் மூன்றாவதாகக் குற்றம் சாட்டப்பட்டவன்.

ராத்திரி ஸ்டேஷனுக்கு வந்தது ஜூனியர் அக்கா. சீனியர் வருவார் என்று எதிர்பார்த்த எங்களுக்கு முதலில் ஏமாற்றம்தான். அந்த அக்கா உள்ளே போய்க் கத்தவில்லை. கைது மெமோ எங்கே என்று கேட்டார். அதில் கைது செய்த நேரம் எழுதியிருக்கிறதா, குடும்பத்தில் ஒருவர் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தார். நேரம் போடாமல் இருந்தது. போட வைத்தார். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22-வது பிரிவு. அந்த 24 மணி நேரத்தை எப்போதிலிருந்து எண்ணுவது என்பதற்கு மெமோவில் உள்ள நேரம்தான் ஆதாரம். அப்புறம், ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களுக்கு எடுத்தவுடன் கைது செய்யக் கூடாது, 41ஏ நோட்டீஸ் கொடுத்து வரச் சொன்னாலே போதும், தேவை என்றால் காரணத்தை எழுத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் சொன்னதையும் எடுத்துச் சொன்னார். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் அந்த 41ஏ-தான் இப்போது புதிய நடைமுறைச் சட்டத்தில் 35(3).) எஸ்.ஐ. சிரித்தார். திருவிழா நேரம், சட்டம் ஒழுங்கு என்றார். ரிமாண்ட் ஆகிவிட்டது.

ஆனால் அந்த அக்கா செய்த இன்னொரு காரியத்துக்காகவே நான் அந்த ஆபீஸுக்கு நல்ல மார்க் போடுவேன். மாஜிஸ்திரேட்டிடம் கூட்டிப் போகும் முன், தம்பியிடம் இரண்டு நிமிடம் பேசினார். "உன்னை அடிச்சாங்களான்னு அய்யா கேப்பாங்க. பக்கத்துல போலீஸ் நிக்குதேன்னு பயந்து இல்லன்னு சொல்லிட்டு, அப்புறம் பெயில் மனுவுல அடிச்சாங்கன்னு எழுதச் சொல்லாத. நடந்தது எதுவோ அதை அங்கயே சொல்லு. எழுதாத பேப்பர்ல கையெழுத்துப் போடாத." தம்பியை யாரும் அடிக்கவில்லை, அதையே சொன்னான். சரி. ஆனால் இதை முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கும் ஆள் பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, முதல் தடவை போலீஸ் வண்டியில் ஏறியவனைப் பார்த்த வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும்.

பதினைந்து நாள் ரிமாண்ட், கிளைச்சிறை. மறுநாளே பெயில் மனு போடுங்கள் என்று அப்பா நச்சரித்தார். சீனியர் அசையவில்லை. "ஏம்மா, அடிபட்டவர் ஜி.எச்.-ல படுத்திருக்கார். கோர்ட்ல கேக்குற முதல் கேள்வியே காயம்பட்டவர் டிஸ்சார்ஜ் ஆயிட்டாராங்கிறதுதான். அவர் பெட்ல இருக்கும்போது மனு போட்டுத் தள்ளுபடி ஆனா, அடுத்த மனுவுக்கு அந்தத் தள்ளுபடியும் சேர்ந்து பாரம்." அப்பாவுக்குக் கோபம், வேறு வக்கீல் பார்க்கலாம் என்று கூடக் கிளம்பினார். குமாஸ்தா அண்ணன் ஆஸ்பத்திரியில் விசாரித்து, டிஸ்சார்ஜ் ஆன அன்றைக்கே மனு உள்ளே போனது. அரசு வழக்கறிஞர் பெரிதாக எதிர்க்கவில்லை. நிபந்தனை ஜாமீன் கிடைத்தது.

ஜாமீன் உத்தரவு வந்தால் அன்றைக்கே பையன் வெளியே வந்துவிடுவான் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உத்தரவு வேறு, ஜாமீன்தாரர் கொடுப்பது வேறு, ரிலீஸ் ஆர்டர் சிறைக்குப் போவது வேறு. எங்களுக்கு 10,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணைப்பத்திரம், அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர்கள். பத்திரத்தில் போட்டோ ஒட்டி இடது பெருவிரல் ரேகை, ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது. கோர்ட் வாசலில் ரெடிமேடாக ஜாமீன் நிற்கும் ஆட்கள் இருக்கிறார்கள், ஆளுக்கு இவ்வளவு என்று ரேட் பேசுவார்கள். குமாஸ்தா அண்ணன் அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. "அவன் நாளைக்கு இன்னும் நாலு கேஸுக்குக் கையெழுத்துப் போடுவான், மாட்டுனா உங்க பெயிலும் சேந்து போகும்" என்றார். சித்தப்பாவையும் பக்கத்து வீட்டு மாமாவையும் கூட்டிப் போனோம். வீட்டு வரி ரசீதில் இனிஷியல் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி. அதைக் கோர்ட்டுக்குப் போகும் முன்பே கண்டுபிடித்தது அண்ணன்தான். ரிலீஸ் ஆர்டர் போவதற்குள் சிறையில் லாக்கப் அடைத்துவிட்டார்கள், மறுநாள் காலையில்தான் தம்பி வந்தான்.

பணம்: ஜாமீனுக்கு 15,000, குமாஸ்தா செலவு 1,500. எங்கள் ஊருக்கு இது நியாயமான தொகைதான். ரசீது மட்டும் கிடையாது. நான் இரண்டு ரூபாய் ஜெராக்ஸுக்குக் கேட்டால் பில் போட்டுத் தருகிறேன். இவர்கள் பதினைந்தாயிரத்தை எண்ணி டிராயருக்குள் போட்டுவிட்டு "காபி சாப்பிடுறீங்களா" என்கிறார்கள். ஜிபே கூட வேண்டாம் என்பார்கள். இதைக் குறையாகவே எழுதுகிறேன்.

அடுத்தது கண்டிஷன் கையெழுத்து. மறு உத்தரவு வரும் வரை தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்து. தம்பி எலக்ட்ரீஷியன், காலையில் பத்தரைக்கு ஸ்டேஷனில் நின்றால் அன்றைய வேலை போச்சு. கொஞ்ச நாள் ஒழுங்காகப் போட்டுவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி மனு போடலாம். அதை ஆபீஸ் தானாகச் செய்யவில்லை. நாங்கள் போய் நின்று, ஞாபகப்படுத்தி, "ஆமா, போட்டுருவோம்" என்று கேட்டு, மறுபடி ஞாபகப்படுத்திய பிறகுதான் போட்டார்கள். இந்த ஆபீஸின் குணமே இதுதான்: தீப்பிடித்தால் ஓடி வருவார்கள், புகைந்துகொண்டிருந்தால் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

குற்றப்பத்திரிகை தாக்கலாகி சி.சி. நம்பர் (கோர்ட் வழக்கு எண்) விழுந்த பிறகு வாய்தா, வாய்தா, வாய்தா. அதை விவரிக்க ஒன்றும் இல்லை. குற்றப்பத்திரிகை நகலும் சாட்சி வாக்குமூல நகல்களும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். போனில் இ-கோர்ட்ஸ் ஆப் போட்டு, 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைச் சேமித்துவிட்டால் அடுத்த வாய்தா தேதி தானே தெரியும். என் கடைக்கு வருகிற எல்லோருக்கும் இதைத்தான் முதலில் போட்டுக் கொடுக்கிறேன். ஆபீஸுக்குப் போன் போட்டுத் தேதி கேட்கும் வேலை மிச்சம். போனை எடுக்க மாட்டார்கள் என்பதால் சொல்கிறேன்.

ஒரு வாய்தாவுக்குத் தம்பி திருப்பூரில் வேலையில் இருந்தான். அன்றைக்கு ஆஜராக முடியாது என்று 317 மனு போடச் சொல்லியிருந்தோம். இன்னொரு ஜூனியர், பையன், மறந்துவிட்டார். பிடிவாரண்ட் போட்டுவிட்டார்கள். சாயங்காலம் ஆப்பில் பார்த்துவிட்டு நான்தான் ஆபீஸுக்கு ஓடினேன். சீனியர் என் முன்னாலேயே அந்தப் பையனை ஒரு பிடி பிடித்தார். மறுநாளே தம்பியை வரவழைத்து நேரில் ஆஜராக்கி வாரண்டை ரீகால் செய்தார்கள், அதற்குக் காசு வாங்கவில்லை. தப்பை ஒத்துக்கொண்டு சரிசெய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு ராத்திரி முழுக்க வாசலில் பைக் சத்தம் கேட்டாலே அம்மா எழுந்து உட்கார்ந்தார்.

தம்பிக்குக் கத்தாரில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தபோதுதான் வழக்கின் உண்மையான கனம் புரிந்தது. பாஸ்போர்ட் சட்டம் 6(2)(எஃப்): கோர்ட்டில் கிரிமினல் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் மறுக்கலாம். வழக்கு நடக்கும் கோர்ட்டே அனுமதி கொடுத்தால் வாங்கலாம், அதற்கு 1993-லேயே மத்திய அரசு அறிவிப்பு இருக்கிறது. ஆனால் பாஸ்போர்ட் கையில் வந்தாலும் வேலைக்குப் போலீஸ் சான்று வேண்டும், அதில் வழக்கு நிற்கும்.

இந்த இடத்தில் சீனியர் பேசியது எனக்குப் பிடித்தது. எல்லாவற்றையும் மேசை மேல் வைத்தார். வழக்கை நடத்தி விடுதலை வாங்கலாம், எப்போது முடியும் என்று சொல்ல முடியாது. சமரசம் என்றால், 324-உம் 294(பி)-யும் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சமரசம் செய்யக்கூடிய பிரிவுகள் இல்லை. எதிர்த்தரப்பு உண்மையாகவே ஒத்துக்கொண்டால் உயர் நீதிமன்றத்தில் வழக்கையே ரத்து செய்யச் சொல்லிக் கேட்கலாம். 2012-இல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு வழி சொல்லியிருக்கிறது. கொலை, பாலியல் வன்கொடுமை, கொள்ளை மாதிரி வழக்குகளுக்கு அந்த வழி கிடையாது.

ஏ2 சின்னப் பையன், போலீஸ் வேலைக்குப் பரீட்சை எழுத ஆசை. அவன் அப்பா சீனியரைப் பார்த்து, "சாட்சிங்க நம்ம சொந்தக்காரங்கதானே, மாத்திச் சொல்லச் சொன்னா விடுதலை ஆகிருமே" என்றார். சீனியர் கடுப்பாகிவிட்டார். முதலில், அதை என்னிடம் பேசாதே என்றார். அப்புறம் விதியை எடுத்துக் காட்டினார். தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14(பி)-யின் கீழ் ஒரு விளக்கம் இருக்கிறது: சந்தேகத்தின் பலனாலோ, புகார்தாரர் பிறழ் சாட்சி ஆனதாலோ விடுதலையானவர், குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். கோர்ட் விட்டாலும் போலீஸ் வேலை வாசலில் அது வந்து நிற்கும். சமரசத்தில் ரத்தானால் வேலை கிடைத்துவிடுமா என்று கேட்டதற்கு, "அதுக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன், தர்றேன்னு சொல்ற வக்கீல்கிட்ட போகாதீங்க" என்றார். பீஸ் வாங்கும் ஆள் இப்படிப் பேசுவது அபூர்வம்.

சமரசம் பேசியது ஊர்ப் பெரியவர்கள். அது வக்கீல் வேலை இல்லை, அவரும் தலையிடவில்லை. அடிபட்டவர் எங்களுக்கு ஒரு வழியில் பங்காளி முறை. ஆஸ்பத்திரிச் செலவை மூன்று வீடும் சேர்ந்து கொடுத்தோம்.

மதுரைக் கிளையில் மனு போட்டது சீனியருடைய நண்பர். பீஸ் 30,000, மூன்று பேருக்கும் சேர்த்து. 2024 ஜூலைக்குப் பிறகு போட்டதால் பழைய நடைமுறைச் சட்டத்தின் 482 இல்லாமல் புதிய நடைமுறைச் சட்டத்தின் 528-வது பிரிவில் மனு. விசாரணை அன்று யானைமலை அடிவாரத்துக்கு இரண்டு தரப்பும் ஒரே வேனில் போனோம். வாசலில் பாஸ், ஆதார் ஒரிஜினல், ஜாயிண்ட் காம்ப்ரமைஸ் மெமோவில் எல்லோருடைய கையெழுத்து, அடையாளம் காட்ட ஸ்டேஷனிலிருந்து ஒரு எஸ்.எஸ்.ஐ. நீதிபதி அடிபட்டவரைப் பார்த்து, யாராவது மிரட்டிக் கூட்டி வந்தார்களா என்று தமிழில் கேட்டார். இல்லை என்றார். ஒரு தொகையை நலநிதிக்குக் கட்டச் சொல்லி வழக்கை ரத்து செய்தார்கள். நின்றது சில நிமிடம்தான். அதற்கான காகிதம் தயாரித்தது பல வாரம், அதில் ஒரு தப்பு இல்லை.

இங்கே மற்ற விமர்சனங்கள் முடிந்துவிடும். "கேஸ் ரத்தாச்சு, சூப்பர் வக்கீல்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். என் விமர்சனம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

சீனியர், "முடிஞ்சதும்மா, நிம்மதியாப் போங்க" என்றார். அவருக்கு அது முடிந்தது. தம்பி ஆன்லைனில் போலீஸ் சரிபார்ப்புச் சான்றுக்கு விண்ணப்பித்தபோது, விசாரிக்க வந்த காவலர் கையில் இருந்த தாளில் அந்தக் கிரைம் நம்பர், பக்கத்தில் 'நிலுவை'. மதுரையில் ரத்தான விஷயம் எங்கள் ஊர் ஸ்டேஷன் கம்ப்யூட்டருக்குத் தானாக வந்து சேராது. யாராவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். யார் என்பதுதான் கேள்வி.

நம் நாட்டில், கைதாகி வழக்கிலிருந்து வெளியே வந்தவர் பழைய பதிவை மொத்தமாக அழித்துவிட ஒரே மனு, ஒரே உத்தரவு என்று ஒன்று கிடையாது. யூடியூப் பார்த்துவிட்டு 'எக்ஸ்பஞ்ச்மென்ட் பாரம்' பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லி என் கடைக்கே ஒருவர் வந்தார். அது அமெரிக்க மாநிலங்களில் உள்ள நடைமுறை. இங்கே உள்ளவை துண்டு துண்டாக இருக்கின்றன. சம்பவம் நடந்தபோது 18 வயது ஆகாதவர் என்றால் சிறார் நீதிச் சட்டம் 24-வது பிரிவு அந்தத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பை நீக்குகிறது, பதிவுகளையும் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அழிக்கச் சொல்கிறது. கொடூரக் குற்றத்துக்கு விதிவிலக்கு உண்டு. தண்டனைக்குப் பதில் நன்னடத்தைச் சட்டத்தில் விடப்பட்டவருக்கு 1958 சட்டத்தின் 12-வது பிரிவு இருக்கிறது. தம்பி மாதிரி ஆட்களுக்கு, ஒவ்வொரு மேசையாகப் போய் உத்தரவைக் காட்டித் திருத்த வேண்டியதுதான்.

அந்த மேசைகளை எனக்குச் சொல்லிக் கொடுத்தது குமாஸ்தா அண்ணன். ஒரு டீ கூட வாங்கிக் குடிக்காமல், கடை வாசலில் நின்றபடியே சொன்னார். "பாப்பா, இணையத்துல எடுத்த காப்பிய எவனும் மதிக்க மாட்டான். சர்ட்டிஃபைடு காப்பிக்குப் போடு, ஒண்ணு இல்ல, நாலு." ஒன்று மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு, மெமோவுடன், சி.சி.யை அங்கே முடித்தால்தான் இ-கோர்ட்ஸில் 'முடிந்த வழக்கு' என்று மாறும். ஒன்று ஸ்டேஷன் இன்ஸ்பெக்டருக்கு, சி.சி.டி.என்.எஸ். (போலீஸ் கம்ப்யூட்டர்) பதிவைத் திருத்தக் கேட்டு ஒரு கடிதத்துடன்; நகலில் சீலும் தேதியும் வாங்காமல் திரும்பக் கூடாது. ஒன்று எஸ்.பி. ஆபீஸில் உள்ள மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகத்துக்கு. ஒன்று வீட்டில், லேமினேட் செய்யாமல். (லேமினேட் செய்தால் மறுபடி அட்டெஸ்ட் செய்ய முடியாது. ஜெராக்ஸ் கடைக்காரியான எனக்கே இதைச் சொன்னார், சொன்னது சரி.)

ஸ்டேஷனில் முதலில் சீல் போட மறுத்தார்கள். 'தபால்ல அனுப்புங்க' என்றார்கள். அண்ணன் கோர்ட் டூட்டி காவலரைப் பிடித்து அவர் மூலமாக உள்ளே அனுப்பினார். இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இருக்காது. மறுபடி விண்ணப்பித்தபோது சான்று சுத்தமாக வந்தது.

கைரேகை விஷயம் தனி. 2022-இல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டப்படி, கைதானவரிடம் எடுக்கும் ரேகை, போட்டோ, அளவுகள் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தில் 75 ஆண்டு இருக்கும். ஆனால் முன்பு தண்டனை எதுவும் இல்லாதவர் விசாரணையின்றி விடப்பட்டாலோ, விடுவிக்கப்பட்டாலோ, விடுதலையானாலோ, கோர்ட் வேறு மாதிரி சொல்லாத வரை அழிக்க வேண்டும் என்று 4-வது பிரிவே சொல்கிறது. விதிகளின்படி அதற்கான நோடல் அதிகாரியிடம் கேட்க வேண்டும். சீனியரிடம் கேட்டால், "இதெல்லாம் யாரும் கேட்டதில்லம்மா" என்றார். ராத்திரி ஸ்டேஷனுக்கு வந்த அதே ஜூனியர் அக்காதான் பிரிவைப் படித்துப் பார்த்து மனு எழுதிக் கொடுத்தார், 500 ரூபாய். அனுப்பி ஒப்புகைச் சீட்டு வைத்திருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை.

இணையத்தில் தேடினால் பெயர் வருவதைப் பற்றியும் கேட்டேன். அது இவர்கள் கையில் இல்லை, யார் கையிலும் தெளிவாக இல்லை. விடுதலையான ஒருவரின் பெயரைத் தீர்ப்பிலிருந்து மறைக்கச் சொல்லி 2024 பிப்ரவரியில் மதுரைக் கிளையின் இரு நீதிபதி அமர்வு உத்தரவிட்டது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் கூகுளைத்தான் பார்க்கிறார்கள், என்ன செய்ய.

வேலை விண்ணப்பம் நிரப்பும்போது கேள்வியைப் படியுங்கள் என்றும் அக்கா சொன்னார். 'வழக்கு நிலுவையில் உள்ளதா' என்றால் இல்லை. 'தண்டனை பெற்றதுண்டா' என்றால் இல்லை. 'எப்போதாவது கைதானதுண்டா' என்றால் ஆம், கூடவே ரத்து உத்தரவு. சின்ன வழக்கைச் சொன்னவரை விட, கேட்டும் மறைத்தவருக்குத்தான் ஆபத்து அதிகம். உச்ச நீதிமன்றம் 2016-இல் அவதார் சிங் வழக்கில் இதை விரிவாகப் பேசியிருக்கிறது. கடையில் பாரம் நிரப்ப வருகிறவர்களிடம் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் போடாதீர்கள் என்று நானும் இப்போது சொல்கிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க ஏ1 இருக்கிறான். அவன் வீட்டில் பணம் இல்லை. காவலில் இருக்கிறவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987 சட்டசேவைகள் சட்டம் 12-வது பிரிவு. 15100-க்குப் போன் போடலாம். அவனுக்குக் கிடைத்த சட்ட உதவி வக்கீல் ஜாமீனை எங்களைப் போலவே, அதே வாரத்தில் எடுத்தார். நாங்கள் கொடுத்த 15,000-க்கு ஜாமீனில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அதையும் எழுதாவிட்டால் இது விமர்சனம் இல்லை. வித்தியாசம் தெரிந்தது கடைசியில்தான்: ரத்து உத்தரவோடு எந்த ஆபீஸுக்குப் போவது என்று தெரியாமல் ஏ1 என் கடைக்கு வந்தான். அவனுக்கும் கடிதங்களை நானே டைப் செய்து கொடுத்தேன், அண்ணன் சொன்ன அதே வரிசையில்.

ஆக, இந்த ஆபீஸுக்குப் போகலாமா? கைதான ராத்திரிக்கும் ஜாமீனுக்கும் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். வாய்தா காலத்தில் ஆப்பைப் பார்த்துக்கொண்டு நீங்களே பின்னால் நிற்க வேண்டும். பீஸ் பேசும்போதே, 'வழக்கு முடிந்த பிறகு ஸ்டேஷன் பதிவைத் திருத்திக் கொடுப்பதும் இதில் அடக்கமா' என்று கேளுங்கள். எங்களுக்கு அது பேச்சில் இல்லை, குமாஸ்தா அண்ணனின் நல்ல மனசில் நடந்தது. ரசீதும் கேளுங்கள், நான் கேட்டு இன்னும் வரவில்லை. அண்ணன் காலை ஒன்பதரைக்கு முன்பே ஆபீஸில் இருப்பார், பத்தேகாலுக்கு மேல் கோர்ட்டுக்குள் போனால் சாயங்காலம்தான். போகும்போது ஆதார், ரேஷன் கார்டு, எஃப்.ஐ.ஆர். எல்லாம் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே உள்ள மெஷினில் ஓரம் வெட்டி வரும்.